எபி அண்ணாவின் சரியான வேகம்

எபி அண்ணா,

வீட்டில் எல்லோரையும்விடச் சத்தமாக இருந்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் அடங்கிப்போன என் செல்ல அண்ணனே, நலமா என்று கேட்கமாட்டேன். நீ இருக்கும் இடத்தில் எல்லோரும் நலம்தான் என்று சபையில் உறுதியாகச் சொல்கிறார்கள். அங்கே கிட்டாருக்கு அனுமதி உண்டா என்று மட்டும் ஐயரிடம் கேட்டேன். சுரமண்டலம் உண்டு, மின்சாரம் பற்றித் தகவல் இல்லை என்றார்.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் இதை அச்சில் போடப் போகிறார்கள், வேறு பலரும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே நடுநடுவே விளக்கிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்காக என்று பொறுத்துக்கொள். நம் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம் என்பதைக்கூட அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் மயிலாப்பூரில் ஐயர் என்றதும் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

முதலில் செய்தி. நம் கேசட் மறுபடி வருகிறது, இந்த முறை சி.டி.யாக. 'மதில் விழும்', வெண்கலக் கடல் குழுவினர், ரீமாஸ்டர் செய்யப்பட்ட பதிப்பு. ரீமாஸ்டர் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். பழைய பாட்டை அழுக்குப் போகக் கசக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்டு, புதுசு என்று சொல்லாமல் புதுசாக விற்பது என்றேன். "அப்போ துணிக்கடைக்கு மேல அந்த ஆபீஸ் இருக்கிறது பொருத்தம்தான்" என்றாள். தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில்தான் அந்தக் கம்பெனி இருக்கிறது.

ஊர்ச் செய்தியும் கொஞ்சம். நீ மெட்ராஸில் இறந்தாய், நாங்கள் சென்னையில் வசிக்கிறோம். வீடு மாற்றவில்லை. அதே மயிலாப்பூர், அதே மாடிப்படி, தண்ணீர் லாரிக்கு அதே குடங்கள். பெயர் மாறிய பிறகு லாரி சீக்கிரம் வரும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை வந்துவிட்டது. ஸ்டேஷன் எவ்வளவு பெரியதென்றால், ரயில் அதற்குள் ஓர் ஓரமாக வெட்கப்பட்டு நிற்கிறது. எல்லோர் இடுப்பிலும் பேஜர் இருக்கிறது. அது கூப்பிட்டால், தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடி, கூப்பிட்டவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

இனி நம் கதை.

கிறிஸ்தவ ஹெவி மெட்டல், அதாவது கிட்டாரும் டிரம்ஸும் இடியாக இடிக்க ஆண்டவரைப் பாடும் முரட்டு இசை, தமிழில் தேவை என்று யாரும் உன்னிடம் மனுக் கொடுக்கவில்லை. நீயாகவே அந்த முடிவுக்கு வந்தாய். பகலில் டை கட்டிய மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களின் அறைக்கு வெளியே காத்துக் கிடந்து இருமல் மருந்தின் அருமையை எடுத்துச் சொல்கிறவன். சாயங்காலம் அதே சட்டையில், டையை மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மனந்திரும்பச் சொல்லிக் கர்ஜிப்பாய். கோயில் பாடகர் குழுவில் உன்னுடையது அடிச்சுருதி. நீ இறங்கிப் பாடினால் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் அதிர்வு தெரியும். பிரசங்கத்தின்போது தூங்கியவர்கள் உன் பாட்டில்தான் விழித்தார்கள்.

குழுவில் நால்வர். கிறிஸ்தவக் குழுவில் கிறிஸ்தவர்கள் பாதிப் பேர், அதாவது நீயும் நானும். அதிலும் அழைப்பு வந்தது உனக்கு மட்டும்தான். என்னை நீ அழைத்தாய். லீட் கிட்டார் ராகவன், தெற்கு மாட வீதி, வீட்டில் மூன்று வீணைகள். கிட்டாரை வீட்டுக்கு எடுத்துப் போகும்போது பஜனைக்கு என்று சொல்வான். அது பொய்யும் இல்லை. டிரம்ஸ் அன்வர், ராயப்பேட்டையில் ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கும் கடை. கிழிந்த டிரம் தோலுக்கு ரெக்சின் வைத்துத் தைத்து அதிலும் வாசித்தவன். பேஸ் கிட்டார் வைத்திருக்கும் ஆள் யாரும் கிடைக்காததால், நான் கீபோர்டில் இடது கையால் அதை வாசித்தேன். வலது கை பெரும்பாலும் சும்மா இருந்தது. அதைக்கொண்டு உன் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன்.

குழுவின் பெயருக்கு நீ வேதத்தில் உலோகம் தேடினாய். ஆலயத்து முற்றத்தில் இருந்த, வெண்கலக் கடல் என்றே பெயர் கொண்ட பெரிய தொட்டி கிடைத்தது. "ஹெவியும் இருக்கு, மெட்டலும் இருக்கு" என்றாய். உன் இறையியல் அவ்வளவு எளிமையாக இருந்தது.

சபைக் கமிட்டி கூடியது. டிரம்ஸ் பிசாசின் வாத்தியம் என்றார் ஒரு பெரியவர். "அப்போ அதை அவன்கிட்டருந்து பிடுங்கி நம்மகிட்ட வெச்சுக்கிறதுதானே ஐயா ஊழியம்?" என்று நீ கேட்டாய். கமிட்டி டீக்குக் கலைந்தது. மறுபக்கம், அடையாறில் கறுப்பு பனியன் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் மெட்டல் கேட்கும் கல்லூரிப் பையன்கள். அவர்கள் ஆண்டவரைக்கூடச் சகித்துக்கொண்டார்கள். தமிழ் என்றதும்தான் முகம் சுளித்தார்கள்.

இருந்தாலும் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில், சினிமாக்காரர்கள் வராத நேரங்களாகப் பார்த்து, பாட்டுகளைப் பதிந்துவிட்டோம். கிறிஸ்துமஸுக்குக் கேசட் வர வேண்டும். பாட்டுப் பதிந்த நாடாச் சுருளை, அந்த ஸ்பூலைக் கொண்டுபோய், மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேசட் அடித்துத் தருகிறவரிடம் கொடுத்தோம். அது கார்த்திகை மாதம் என்பதை நாம் யோசிக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு அந்த மாதம் வெறும் மழை.

பெட்டிகளை எடுத்துவர நீயும் நானும்தான் போனோம். கடைக்காரர் கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய சந்தனம்.

"வாங்க சாமி. உங்க சரக்கு ரெடியா கீது சாமி" என்று உன்னை வரவேற்றார். மலைக்கு மாலை போட்டவர்களுக்கு எதிரில் நிற்பவர் எல்லோருமே சாமி. கழுத்தில் சிலுவையோடு நீ அதை ஏற்றுக்கொண்டாய். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "நாப்பத்தஞ்சு நிமிஷ டேப்பா? எங்க பாட்டு அதுக்கு மேல வருமே" என்றாய்.

"கோச்சுக்காதீங்க சாமி. அறுவது டேப்பு மெட்ராஸ்லயே ஒண்ணு கெடையாது. அல்லாத்தையும் ஐயப்பன் எடுத்துக்கினாரு. நீங்க கிறிஸ்மஸுக்கு வோணும்னீங்க. அதான் ஸ்பூலை லேசா தள்ளி உட்டேன்."

"தள்ளின்னா?"

"கொஞ்சம் வெரசா ஓட உட்டேன் சாமி. காதுக்குத் தெரியாது. ஒரு பாட்டைக்கூட வெட்டலை. சாமி பாட்டை வெட்டுறது பாவம்."

அந்த மனிதரை இன்றுவரை என்னால் திட்ட முடியவில்லை. வியாபாரி யாராக இருந்தாலும் கடைசிப் பாட்டை வெட்டியிருப்பான். இவர் பக்திமான். எந்த மதத்துச் சாமிக்கும் குறை வைக்காமல், எல்லாப் பாட்டையும் முழுசாக, அவசரமாகக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் போட்டுக் கேட்டோம். ராகவன் தலையைச் சாய்த்து, "ஒரு கட்டை ஏறிடுத்து எபி" என்றான். வீடு பற்றி எரிந்தாலும் அவன் முதலில் சுருதியைத்தான் சொல்வான். ஒரு கட்டை என்றால் பாட்டுத் தெரியாதவர்களுக்கு: ஸ என்று பாடியது ரி என்று கேட்கும். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா அது? பொம்பளப் பிள்ளையா பாடுது?" என்றாள். அன்வர்தான் சந்தோஷப்பட்டான். அவன் கை அவனே நம்பாத வேகத்தில் ஓடியது.

திருப்பிக் கொடுக்க நேரம் இல்லை. கேசட் கடைகளுக்குப் போனது. பிறகு நடந்ததற்கு நாம் யாரும் பொறுப்பில்லை. அந்தக் கீச்சுக் குரல் பிடித்துப்போயிற்று. வெளிநாட்டு மெட்டல் பாடகர்கள் அப்படித்தான் உச்சத்தில் வீறிடுவார்களாம். தமிழனுக்கும் அது வருகிறதே என்று கறுப்பு பனியன்கள் ஆச்சரியப்பட்டார்கள். தமிழையே மன்னித்தார்கள். வாலிபர் கூட்டங்களில் உன் பாட்டைப் போட்டார்கள். கேசட் தேய்ந்து மறுபடி வாங்கினார்கள்.

அப்புறம் அடையாறு பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். நீ மேடையேறி, உன் சொந்தக் குரலில், அடிச்சுருதியில் தொடங்கினாய். முதல் பாட்டு முடிவதற்குள், கேசட்டில் கேட்டது மெஷின் ஏற்றிய குரல் என்று பின்வரிசையில் ஆரம்பித்தார்கள். "மெஷினு! மெஷினு!" ஒருவன் எழுந்து நின்று, "டேய் கேசட்டைப் போடுங்கடா, அங்கிளை உக்கார வைங்கடா" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அங்கிள் என்றதில்தான் உனக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன். உனக்கு அப்போது கல்யாண வயதுகூடத் தாண்டவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, கேசட்டில் நடந்ததை ஊருக்குச் சொல்லிவிடலாம் என்றேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "கேசட்ல பாடுறவன் என்னைவிட நல்லாப் பாடுறான் பெர்சி. அவனைப் பிடிக்கணும்" என்றாய்.

பிடிக்கக் கிளம்பினாய். விடிந்ததும் எலியட்ஸ் பீச். கடலைப் பார்த்து நின்று ஒவ்வொரு சுரமாக மேலே ஏறுவாய். டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய இருமல் மருந்துச் சாம்பிள்கள் உன் தொண்டைக்குள் போயின. ஒரு நாள் நானும் வந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இன்னா நைனா, காலங்காத்தால வயித்து வலியா? ஒரு சோடா குடி."

"இல்லக்கா. ஸ்தோத்திரம் பாடுறேன்."

"இப்டி கூவுனா அவரே எறங்கி வந்துடுவாரு, போ."

அவர் இறங்கி வந்தாரோ என்னவோ, நீ ஏறிவிட்டாய். உன்னோடு நாங்களும் ஏற வேண்டியிருந்தது. ராகவன் தந்திகளை ஒரு கட்டை முறுக்கி ஏற்றினான். அறுந்த தந்தி ஒவ்வொன்றுக்கும் உன்னைச் சபித்தான். அன்வர் தன் கேசட் வேகத்தைப் பிடிக்க, சீட் கவர் மேலேயே நாள் முழுக்கத் தாளம் போட்டுக் கடையில் திட்டு வாங்கினான். மற்ற குழுக்கள் வாசித்ததைத்தான் கேசட்டில் போடுவார்கள். கேசட்டைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்ட குழு நாம் ஒன்றுதான்.

தி. நகரில் அந்தப் பள்ளிக்கூட மைதானம் உனக்கு மறந்திருக்காது. நீ கேசட் சுருதியிலேயே தொடங்கினாய். கூட்டம் நம்பவில்லை. பின்னால் எங்கோ டேப் ஓடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. மைக் போனது, ராகவனின் கிட்டார் போனது, என் இடது கையும் போனது. மிச்சம் இருந்தது அன்வரின் டிரம்ஸும் நீயும். நீ நிறுத்தவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்து, வெறும் தொண்டையில், அதே உச்சத்தில், பாட்டை முடித்தாய். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும் என்பது பின்வரிசைக்கும் தெரியும். அதற்கப்புறம் நாம் போன எந்த மேடையிலும் அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தக் குரலை நாம் பதிந்து வைக்கவில்லை, அண்ணா. இரண்டாவது கேசட்டில் பதியலாம் என்று இருந்தோம். அடுத்த கிறிஸ்துமஸ் அடுத்த கிறிஸ்துமஸ் என்று தள்ளிப் போட்டோம். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்துக் கம்பெனிக்காரன் என்பதால் எந்த மருந்து பயன்படாது என்பது எங்களுக்கு முன்பே உனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது தி. நகர் மாடிக்கு வருகிறேன். கம்பெனியை நடத்துகிறவர் ஜெயகர். இளைஞர், பின்னால் முடிந்த கூந்தல், உன் கேசட்டைப் பள்ளி நாட்களிலிருந்து கேட்டுத் தேய்த்தவர். ரீமாஸ்டர் வேலையையும் அவரே செய்கிறார். அசல் ஸ்பூல் இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவின் அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், பூச்சி உருண்டைகளோடு பத்திரமாக இருந்தது. எடுத்துப் போனேன். ராகவனும் அன்வரும் வந்தார்கள். ராகவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான், லீவில் வந்திருக்கிறான். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்குத் தங்கள் வயது மறந்துவிடுமாம். அதைத் தடுக்கும் வேலை.

ஜெயகர் ஸ்பூலை ஓடவிட்டார். நீ பாடினாய். அறையின் தரை அதிர்ந்தது. ஜெயகர் அவசரமாக நிறுத்தினார்.

"சாரி மேடம். மெஷின் ஸ்லோவா ஓடுது."

"மெஷின் சரியாத்தான் ஓடுது" என்றேன். ஐயப்பன் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தான் தத்துப் பிள்ளை என்று அப்போதுதான் தெரியவந்தவர்போல உட்கார்ந்திருந்தார். "அப்போ நான் இத்தனை வருஷமா கேட்டது யாரு மேடம்?" என்றார்.

அன்வருக்கு வேறு துக்கம். "இன்னாக்கா இது, நான் இம்மாம் மெதுவாவா வாசிச்சேன்? என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா. தாலாட்டு மாதிரி கீது."

ஜெயகர் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார். ஓர் எண்ணை மாற்றினால் போதும், பழைய கேசட் வேகம் வந்துவிடும். இரண்டில் எது வேண்டும் என்று உரிமைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு பெர்சி?" என்றான் ராகவன். "ஜனங்க எல்லாரும் கேட்டுண்டிருக்கறது அந்த வேகத்துலதான். எங்காத்துல என் பையன்கூட அதைத்தான் பாடிண்டு திரியறான். இப்போ இறக்கிக் கொடுத்தா, யாரோ டூப் போட்டுப் பாடியிருக்கான்னு சொல்லுவா."

"இதுதான் எபி அண்ணன் பாடினது."

"அவனே அதை விட்டுட்டு மேல போயிட்டானே. நீ எதுக்கு இழுத்துண்டு வர?"

நான் உறுதியாக இருந்தேன். உன் குரல் உன் குரல்தான், அதில் வாதத்துக்கு இடமில்லை என்று நினைத்தேன். நீ கல்யாணம் செய்துகொள்ளாமல் போனதால் உன் பாட்டுக்கு வாரிசு அம்மாதான். கையெழுத்து அவளுடையது. அம்மா தன் பிள்ளையின் குரலுக்கு எதிராகவா நிற்பாள்? தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம். கேசட்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

"ஏம்மா?"

"அன்னிக்கு மெஷினுன்னு கத்தினவன் இன்னும் உயிரோடதான் இருப்பான். நீ இறக்கிப் போட்டா, 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்'னு சொல்லுவான்."

"கேசட் மெஷின்தானேம்மா. அது உண்மைதானே."

"கேசட் மெஷின். என் பிள்ளை மெஷின் இல்ல. இது ரெண்டையும் பிரிச்சுப் பாக்கிற அளவுக்கு ஊருக்கு நேரம் இருக்கா? அவன் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏறினான். நீ ஒரே கையெழுத்துல இறக்கிடுவியா?"

  அவள் சொன்னதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாக இருந்தது. உன் அசல் குரலைக் கொடுத்தால் நீ ஏறியது பொய்யாகிவிடும். ஏறிய குரலைக் கொடுக்கலாம் என்றால் அது நம்மிடம் இல்லை. கேசட்டில் இருப்பது அதுவும் இல்லை, கார்த்திகை மாதத்து டேப் தட்டுப்பாடு. எதைக் கொடுத்தாலும் நீ அரைகுறையாகத்தான் வெளியே போவாய் என்று தோன்றியது.

கடைசியில், வேண்டாம் என்று சொல்வதையும் நேரில் வந்து கேட்டுவிட்டுச் சொல் என்றேன். நீ போன பிறகு அவள் அந்த ஸ்பூலைத் தொட்டுத் துடைத்தாளே தவிர, அதை ஓட்டும் மெஷின் நம் வீட்டில் ஏது?

ஆட்டோவில் போனோம். பாண்டி பஜாரில் தீபாவளிக் கூட்டம். அம்மா கோயிலுக்குப் போகிற புடவையில் வந்திருந்தாள். ஜெயகர் எழுந்து நாற்காலி போட்டார். எந்தப் பாட்டு என்று கேட்டார். "மீன் வயிறு" என்றாள். மீனுக்குள் கிடந்து ஆண்டவரைக் கூப்பிடுகிறவனின் பாட்டு. முடிவில் 'கரை' என்ற ஒரே சொல்லை நீட்டிக்கொண்டு ஒரே மூச்சில் நிற்பாயே, அது.

முதலில் கேசட் வேகத்தில் போட்டார். 'கரை' வரும் இடத்தில் அம்மா உன்னோடு சேர்ந்து மூச்சை இழுத்தாள். அம்மாவும் பாடகர் குழுவில் பாடியவள்தானே, அந்தக் குழுக்காரர்களுக்கு அது தானாக வரும். பக்கத்தில் ஒருவர் பாடத் தொடங்கினால் இவர்கள் நெஞ்சும் நிரம்பும். நீ முடிக்கும்போது அவளும் முடித்தாள். இது எப்போதும் நடப்பதுதான் என்பதுபோல லேசாகத் தலையாட்டினாள்.

பிறகு ஸ்பூலின் வேகத்தில். அடிச்சுருதியில் உன் குரல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். 'கரை' வந்தது. மூச்சை இழுத்தாள். நீ நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். அம்மாவின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. முகம் சிவந்தது. அவளால் முடியவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நீ இன்னும் அந்தச் சொல்லில்தான் இருந்தாய்.

பாட்டு முடிந்தது. கீழே கடையில் யாரோ புடவைக்குப் பேரம் பேசும் சத்தம் கேட்டது.

"தம்பி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடுங்க."

போட்டார். இந்த முறையும் அவள் பாதியில் விட்டுவிட்டாள்.

"கேசட்ல இவனோட நான் எப்பவும் கூடவே முடிச்சிடுவேன்" என்றாள், என்னிடமா ஜெயகரிடமா என்று தெரியவில்லை. "அவ்வளவுதான் இவன் மூச்சுன்னு நினைச்சிருந்தேன். மெஷின் இவனுக்கு ஏத்திக் கொடுத்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எடுத்துக்கிட்டதை யாரும் சொல்லலையே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பக்திமான் ஒரு பாட்டையும் வெட்டவில்லைதான். ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு சொல்லிலும், கொஞ்சம் கொஞ்சமாக உன் மூச்சைக் கழித்திருக்கிறார். கேசட்டில் நீ உயரமாக இருந்தாய், குறைவாக இருந்தாய். உயரத்தை நீயே ஏறிப் பிடித்துவிட்டாய். மூச்சைத் திருப்பித் தர யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா பேனா கேட்டாள். "இந்த வேகம்தான்" என்றாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. அவன் அந்த உசரத்துலயும் பாடினான்னு நீ எழுதணும். சி.டி. கூடவே வரணும். படிக்காம யாரும் கேக்கக் கூடாது."

படிக்காமல் கேட்பதைத் தடுக்க முடியாது, கட்டாயப்படுத்த இது வரி வசூல் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "நீ நல்லா எழுதினா படிப்பாங்க" என்று கையெழுத்தைப் போட்டாள். ஆகவே, அண்ணா, உனக்கு எழுதும் இந்தக் கடிதம் உன் சி.டி. பெட்டிக்குள் மடித்து வைக்கப்படுகிறது.

அம்மா சொன்னபடி எழுதிவிடுகிறேன். இந்த சி.டி.யில் கேட்பது எபனேசரின் குரல், அவன் பாடிய வேகத்தில், அவன் பாடிய சுருதியில். கேசட்டில் ஒரு கட்டை ஏற்றியது டேப் தட்டுப்பாடு. அதற்குப் பிறகு அந்த ஒரு கட்டையைத் தன் தொண்டையால் ஏறியவன் அவனே. அது எந்த டேப்பிலும் இல்லை. கரண்ட் போன மைதானத்தில் இருந்தவர்களின் காதில் இருக்கிறது. அவர்களில் ஒருவர், பள்ளிச் சீருடையில் மதில்மேல் உட்கார்ந்திருந்தவர், இந்த சி.டி.யைத் தயாரித்திருக்கிறார். கேசட்டின் பெயருக்கு மாறாக அன்று அந்த மதில் விழவில்லை என்பதற்கும் அவரே சாட்சி. நானும் அன்று மேடையில் இருந்தேன். சந்தேகம் உள்ளவர்கள் மயிலாப்பூருக்கு வரலாம். அம்மா காபி கொடுப்பாள், சாட்சி கேட்டால் முறைப்பாள்.

ராகவன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் நேற்று கிளம்பும் முன் போன் செய்து, "அந்த ரெண்டாவது பாட்டுல என் சோலோ இந்த வேகத்துல ரொம்ப நன்னாருக்கு, தெரியுமோ?" என்றான். அன்வர் தன் மனைவியை அழைத்து வந்து கேட்க வைத்தான். அவள் சிரிக்கவில்லை. "இப்பதான் நீங்க அடிக்கிறது பாட்டு மாதிரி இருக்கு" என்றாளாம். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வதா என்று என்னிடம் கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். ஐயர் மட்டும் சத்தம் குறைந்திருக்கிறதா என்று விசாரித்தார். கூடியிருக்கிறது என்றேன். ரீமாஸ்டர்.

இனிமேலும் யாராவது வருவார்கள், அண்ணா. ரேடியோவுக்கு நீளம் அதிகம் என்பார்கள். விழாவில் பத்து நிமிடம்தான் இருக்கிறது, கொஞ்சம் ஓட்டிவிடலாமா என்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். உன் ஆயுள் விஷயத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. பாட்டு விஷயத்தில் இனி அம்மாவுக்குப் பிறகு என்னைத்தான் கேட்க வேண்டும். நான் இருக்கும்வரை அது யாருடைய டேப்புக்கும் அடங்காது. நீ எவ்வளவு நேரம் நின்றாயோ அவ்வளவு நேரமும் ஊர் காத்திருந்து கேட்கும். இது என் வாக்கு.

உன்னோடு போட வேண்டிய சண்டைகள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும்
உன் தங்கை
பெர்சிஸ்